துடைப்பம் நின்ற இடம்

பிரிமிதிவாவின் முற்றத்தில் விடிந்ததும் முதலில் தெரிவது ஈர்க்குமாற்றின் கோடுகள்தான். இலோகோஸ் பக்கத்து அந்த ஊரில் ஒரு பெண்ணை உயர்த்திச் சொல்வதென்றால், "அவ வாசல்ல சோறு கொட்டித் திங்கலாம்" என்பார்கள். முப்பது வருஷமாக அந்தப் பேர் அவளுடையது. கூட்டிய சருகை மாமரத்தடியில் குவித்து, சாயங்காலம் தீ வைப்பாள். புகை பட்டால்தான் மரம் பூக்கும்.

முற்றத்து ஓரத்துக் கத்தரிச் செடிகள் மட்டும் இரண்டு கோடையாக ஏப்ரலைத் தாண்டவில்லை. மண் பீங்கான் தட்டுபோல இறுகி, ஊற்றிய தண்ணீர் வழிந்தோடியது.

பூண்டு வயலில் ஊரே வைக்கோல் பரப்பித்தான் பல் ஊன்றும். அங்கே அதை யாரும் குப்பை என்பதில்லை; வீட்டு வாசலுக்கு வந்தால்தான் குப்பை. இந்த வருஷம் அவள் சருகை எரிக்காமல், வைக்கோலும் கலந்து, கத்தரிப் பாத்தியில் நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டாள்.

அடுத்த வீட்டுச் சபினா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னக்கா, கோழிக்கு மெத்தையா? இல்ல, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"உனக்குத்தான்டி. வந்து படு."

சொல்லிவிட்டாளே தவிர, தினமும் காலையில் துடைப்பம் பிடித்த கை அந்தப் பக்கமே போனது.

மகள் மினெர்வாவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவ்ரேலியா, பெண்ணைப் பார்க்குமுன் வாசலைப் பார்க்கிறவள்.

"அன்னிக்காவது கூட்டிடு அக்கா," என்றாள் சபினா. "செடி அடுத்த வருஷமும் வரும். சம்பந்தம் வருமா?"

ஞாயிறு விடியலில் பிரிமிதிவா பாத்தியில் துடைப்பத்தை வைத்தாள். ஒரு முழம் சருகு விலகியது. அடியில் மண் கறுத்து, ஈரமாய், மண்புழுவோடு கிடந்தது. ஏப்ரலில் அப்படியொரு மண்ணை அவள் பார்த்ததில்லை. துடைப்பம் அங்கேயே நின்றது. விலகியதைக் கையால் அள்ளித் திரும்ப மூடினாள்.

அவ்ரேலியா வந்ததும் நேரே அங்கேதான் போனாள். "இதென்ன, கூட்ட மறந்துட்டீங்களா?"

"மறக்கல. விட்டிருக்கேன்."

"உங்க பொண்ணும் இப்பிடித்தான் விடுவாளோ?"

"கத்தரிக்கா காய்க்கும்னா விடுவேன், அத்தை," என்றாள் மினெர்வா.

அவ்ரேலியாவின் கணவர் சிரிப்பை இருமலாக்கினார். பேச்சு முடிந்து நாள் குறித்தார்கள். கிளம்பும்போது அவ்ரேலியா, "கல்யாணத்தன்னிக்காவது அதக் கூட்டிருங்க," என்றாள்.

பிரிமிதிவா தலையாட்டினாள்.

மே மாதக் கல்யாணத்தில் பாத்தியைச் சுற்றி வாடகை நாற்காலிகளை அடுக்கி மறைத்திருந்தாள். பந்தியில் கத்தரிக்காய் போட்ட பினக்பெட் கூட்டை அவ்ரேலியா இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். எங்கே காய்த்தது என்று கேட்கவில்லை.