முதல் தட்டு

அந்தத் தட்டின் விளிம்பில் ஒரு நெளிசல் இருக்கிறது. அக்கா அதைக் கையில் ஏந்திச் சாப்பிடும்போது நெளிசலில் கட்டைவிரல் சரியாக உட்காரும். மற்றபடி சாதாரண சில்வர் தட்டு. சிப்காட் தொழிற்பேட்டைச் சாலையோரம் எங்கள் சோற்றுக் கொட்டகையில், மத்தியானத்தின் முதல் சோறு அதில்தான் விழும். அக்கா வயிறாரத் தின்றுவிட்டு முக்காலியில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அதுவரை வரிசையில் யாருக்கும் சோறு கிடையாது.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஏதோ ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்தவர். அந்த வேலையை விட்டபின், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கேட்டு வாங்கி இந்தக் கொட்டகையைத் தொடங்கினார். அரிசியையும் மார்க்கெட்டில் மிஞ்சும் காய்கறியையும் என் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவேன். கான்ட்ராக்ட் வேலை போனவர்கள், மிஷினில் கை போனவர்கள், புருஷன் இல்லாத பெண்கள், அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் வடநாட்டு ஆட்கள் என்று வருவார்கள். பலருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு.

வரிசையில் கிண்டல் நடக்கும். "இன்னாக்கா, நீ ஏப்பம் வுட்டாதான் எங்களுக்கு சோறா?"

"ஆமாடா. என் வயித்துக்கு ஒண்ணும் ஆவலன்னாதான் உன் வயித்துக்கு. பேஜாரு பண்ணாம நில்லு."

ருசி பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "நாக்குக்கு இன்னாடா தெரியும்?" என்றார். அவ்வளவுதான். கேன்டீனில் என்ன பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஒரு கோடையில் அண்டாவின் அடி ஓட்டையானது. பற்றவைத்தும் நிற்கவில்லை. வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் பெரியவர் ஒருவர், பிரஸ் மிஷினில் விரல்களை இழந்தவர், இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு காயலான் கடையில் ஒரு நீல டிரம் வாங்கிவந்தார். மேல்பக்கத்தை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்திருந்தார்கள். தங்களுக்கே ஒன்றுமில்லாதவர்கள் கொடுத்தது. எங்கள் பக்கம் அந்த டிரம் இல்லாத வீடு கிடையாது. கம்பெனிக்குள் கெமிக்கல் சுமந்து போகும். வெளியே வந்தால் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க ஆகும். யாரும் அதைப் பார்த்துப் பயந்ததில்லை.

"இன்னா நைனா, பொறந்த ஊட்டு சீரா?" என்று அக்கா சிரித்தார். பெரியவருக்குச் சிரிப்பு முகம் கொள்ளவில்லை.

சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஆக்கிய சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க அதில் கொட்டினோம். பச்சைத் தண்ணீர் நின்ற டிரம்மில் எவரும் கொதிக்கிற சோற்றைப் போட்டதில்லை. அன்று காற்றே இல்லை. லேசாக ஒரு தித்திப்பு வாசனை வந்தது. வெல்லம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தின்று முடித்தார். முக்காலியில் உட்கார்ந்தார். தட்டுகள் கடகடவென்று சத்தம் போட்டன. "ஏப்பம் இன்னும் வர்லியாக்கா?" என்றான் ஒருவன். அக்காவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. பெரியவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நைனா, இதுல முன்ன இன்னா இருந்துது?"

"எல்லார் ஊட்லயும் கீற டிரம்முதாம்மா. நல்லா கழுவிக்கினுதான் வந்தோம்."

அக்கா எழுந்தார். "சாச்சிடுடா," என்றார் என்னிடம்.

நான் தயங்கினேன். அவரே காலால் எட்டி உதைத்தார். சோறு மண்ணில் ஓடியது. "புள்ளைங்க பசியில நிக்கசொல்ல சோத்த தரையில கொட்றியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஒரு பெண் கத்தினாள். வடநாட்டு ஆள் ஒருவர் குனிந்து கையால் அள்ளினார். அக்கா கரண்டியால் அந்தக் கையில் அடித்தார். அந்த ஆள் அழுதார். அக்கா அங்கேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பின் யாரும் கத்தவில்லை.

வண்டியில் போகும்போது ஒன்றுதான் சொன்னார். "அவுங்க இன்னும் துன்னல. என்ன உட்டுட்டு போய் உல வையி."

டிரம்மில் என்ன இருந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். காயலான் கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ கிழிந்துபோயிருந்தது. அக்காவின் உடலைத் திரும்ப என் வண்டியில்தான் கொண்டுவந்தோம்.

அதன்பிறகு வீடு வீடாகப் போய் டிரம்மைத் தூக்கிப் போடச் சொன்னேன். "குடிக்கவா போறோம், பாத்திரம் கழுவத்தானே" என்றார்கள். பல வீடுகளில் அதன்மேல் குடிக்கிற சொம்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இப்போதும் சாலை நெடுக, காயலான் கடை வாசல்களில், நீல டிரம்கள் வெயிலில் அடுக்கடுக்காக நிற்கின்றன. நேற்றும் ஒருவர் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

கொட்டகை நடக்கிறது. அண்டா புதுசு. பெரியவர் வருகிறார். ஆனால் வரிசையில் கடைசியில்தான் நிற்கிறார். முதல் சோறு இன்றும் அதே தட்டில்தான். நெளிசலில் என் கட்டைவிரல் சரியாக உட்காரவில்லை. தின்றுவிட்டு முக்காலியில் இருக்கிறேன். ஏப்பத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. தட்டுச் சத்தமும் இல்லை. சோற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. என் உதட்டைத்தான் பார்க்கிறார்கள்.