மதுரை மேட்சுக்கு இரண்டு டிக்கெட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் வாழை இலையும் நாரும்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்னமும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லிவிடலாமே என்றால் அது அதைவிடக் கஷ்டம். நாலு பேர் சேர்ந்து நின்றால் என் குரல் தொண்டைக்கு மேலே ஏறாது.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வாழை இலைக் கடை. அப்பா, அண்ணன், நான். சாயங்காலம் ஆற்றோரத்துக் கொல்லைகளிலிருந்து இலை வண்டி வரும். அப்பா வண்டி மேலே நின்று கட்டுகளைத் தூக்கிப் போடுவார். கீழே நின்று பிடிப்பது அண்ணன். தரையில் விழுந்தால் நுனி கிழிந்துவிடும், கிழிந்த இலையை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் அண்ணன் எந்தப் பக்கம் போட்டாலும் பாய்ந்து பிடிக்கும். நான் அடுக்கிவைப்பேன். அப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் அண்ணன் கோல்கீப்பர் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். அப்பா காதில் விழுகிறமாதிரி சொல்லமாட்டார்கள்.

அப்பாவுக்கு ஃபுட்பால் பிடிக்காது. "பந்து புடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பாடா? அப்படின்னா அங்கயே சோறு தின்னுக்கோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அண்ணன் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லில், அண்ணன் ஆட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அப்பா சொன்னது பொய்யாகிப் போனது. ஆனாலும் சொன்னவர் சொன்னவர்தானே. திருச்சியில் எத்தனையோ மேட்ச் நடந்தது, ஒன்றுக்கும் அவர் போகவில்லை. கேட்டால், "இலை வண்டி வர்ற நேரத்துல எங்க போறது?" என்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மில் டீம் கோப்பையின் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. எதிர்த்து ஆடுவது மதுரை டீம். ஆட்டமும் மதுரையில்தான். அண்ணனுக்கு அதற்கு முன்பே தோள்பட்டை இரண்டு தடவை இறங்கியிருந்தது. இனிமேல் ஆடினால் கை தூக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே, "மதுரையோட முடிச்சுக்கறேன்" என்றது. அம்மா ரசம் ஊற்றினாள்.

மறுநாள் கடையில் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்.

"மதுரை மேட்சுக்கு டிக்கெட் எங்கடா குடுக்கறாங்க?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "யாருக்குப்பா?"

"ரெண்டு வாங்கு. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. அவன்கிட்ட மூச்சு விடாத."

"அண்ணன்கிட்ட சொன்னா பாஸே வாங்கித் தருமேப்பா."

"நான் வந்து உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா அவன் பந்தைப் பாப்பானா, என்னைப் பாப்பானா? சொன்னதைச் செய்."

அப்பா என்னிடம் ஒரு காரியம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இலை அடுக்குவதெல்லாம் காரியமில்லை.

திருச்சிக்காரர்களுக்காக மதுரையிலிருந்து ஒரு கட்டு டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சைக்கிள் கடையில் விற்பதாகப் பேச்சு. ஆளுக்கு இரண்டு. நான் கிளம்பும்போது அப்பா தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினார். நான் செருப்புப் போடுகிறவன் இல்லை. "வெறுங்காலோட போயி நின்னா எவன் மதிப்பான்? போட்டுக்க" என்றார். நல்ல தோல் செருப்பு, டயர் அடி. எனக்குக் கொஞ்சம் பெரிசு. காவிரிப் பாலத்தில் நடக்கும்போது சத்தம் டப் டப்பென்று எனக்கு முன்னால் போனது.

விடிகிற நேரத்துக்கே போய்விட்டேன். அப்படியும் எனக்கு முன்னால் ஆட்கள். பாலக்கரையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் எனக்கு நேர் முன்னால் நின்றார். இரண்டு பையன்களையும் கூட்டிப் போகவேண்டும் என்று தனக்கு ஒரு இடமும் தன் தம்பிக்கு ஒரு இடமும் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை நகைக்கடையைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போய்விட்டது. சைக்கிள் கடைக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கடை தொறக்க இன்னும் நேரம் இருக்குங்க. இப்படி வழிய அடைச்சு நின்னா பக்கத்து கடைக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க. ரேஷன்ல வைக்கிற மாதிரி செருப்பை வச்சுட்டு போயி டீ குடிச்சுட்டு வாங்க."

அந்தக் காலத்தில் அது எல்லாருக்கும் பழக்கம். சீனிக்கோ மண்ணெண்ணெய்க்கோ நிற்கும்போது பையையோ கல்லையோ செருப்பையோ வைத்துவிட்டுப் போவோம். வைத்த இடம் வைத்த இடம்தான், ஒருத்தரும் நகர்த்தமாட்டார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். ஹவாய் செருப்பு, வார் அறுந்து ஊக்குப் போட்டது, ஒரு ஜோடி பூட்ஸ்கூட இருந்தது. அப்பாவின் செருப்பைப் பாயின் செருப்புக்குப் பின்னால் நேராக வைத்தேன். அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற சிலர் மட்டும் கழற்றாமல் சிரித்தபடி நின்றார்கள். ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை.

டீக்கடையில் பேச்செல்லாம் அண்ணனைப் பற்றித்தான்.

"நம்ம கோலி இருக்கானே, பலாப்பழத்தைத் தூக்கி எறிஞ்சாலும் புடிப்பான்" என்றார் ஒருவர்.

"தோளு கழண்டு போச்சாம்ல?"

"கழண்டா என்ன, ஒத்தக் கையாலயே புடிப்பான். மதுரைக்காரன் மீனாச்சியையே கூட்டியாந்தாலும் கோல் விழாது."

"அவங்க அப்பன்தான் சரியில்லையாம். ஒரு மேட்சுக்குக்கூட வந்ததில்லையாம்" என்று இன்னொருவர் சொன்னார். பாய், "நமக்கு எதுக்குங்க அது" என்று பேச்சை மாற்றினார். நான்தான் அந்தக் கோலியின் தம்பி, அந்த அப்பாவுடைய செருப்புதான் வரிசையில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் நாகஸ்வரம் கேட்டது.

பங்குனி மாதம், மலைக்கோவில் உற்சவம். ஸ்ரீரங்கமாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பெருமாள் எந்த நாள் எந்த வீதியில் எத்தனை மணிக்கு வருவார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் எங்கள் வியாபாரமே. ஆற்றைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. இந்தத் தெருவழியாக அன்று காலையில் சாமி வருகிறது என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் செருப்பைக் கழற்றவே இல்லை, சாமி வருகிறபோது கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினால் போதும்.

நாங்கள் ஓடிவருவதற்குள் கோவில் ஆள் ஒருவர் பெரிய விளக்குமாற்றால் மொத்த வரிசையையும் ஓரமாகப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சாமி வர்ற வழியில செருப்பா? உருப்படுவீங்களாய்யா நீங்கள்லாம்?"

அவர் சொன்னது நியாயம். எல்லாரும் வெறுங்காலோடு கைகூப்பிக்கொண்டு ஓரமாக நின்றோம். பாயும் மரியாதையாக ஒதுங்கி நின்றார். சாமி மெதுவாக, மிகவும் மெதுவாகப் போனது. வீட்டுக்கு வீடு நின்று தீபாராதனை. கண்ணை மூடிக் கும்பிட்டேன், ஆனால் மனசெல்லாம் சாக்கடை ஓரத்தில் குவிந்து கிடந்த செருப்புக் குவியலில்தான் இருந்தது.

சாமி முனை திரும்பியதுதான் தாமதம். அத்தனை பேரும் குவியல் மேல் விழுந்தார்கள். ஒருவன் செருப்பு இன்னொருவன் கையில். கிடைத்தவன் கடைவாசலுக்கு ஓடினான். நான் கிளறிக்கிளறி அப்பாவின் வலதுகால் செருப்பைக் கண்டுபிடித்தேன். இடதுகால் செருப்பு கிடைக்கவே இல்லை.

"நான் பாய்க்குப் பின்னாடிங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

பாய்தான் சத்தமாகச் சொன்னார். "தம்பி எனக்கு அடுத்துதான் இருந்துச்சு, விடுங்கப்பா."

"அப்படியா? செருப்பைக் காட்டச் சொல்லு" என்றான் நடுவில் நுழைந்த ஒருவன். நான் கையிலிருந்ததைக் காட்டினேன். "ஒத்தச் செருப்பா? அப்போ ஒத்தைக் காலுக்கு அரை டிக்கெட் தருவாங்க, கடைசியில போயி நில்லு!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தள்ளத் தள்ளப் பின்னால் போனேன். ஒவ்வொருவராக வந்து முன்னால் நின்றார்கள், நான் இடம் விட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கும்போது கடைக்காரர் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டார். பாய் வெளியே வந்து என் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க தம்பி, மதுரையில கிடைக்கும், இன்ஷா அல்லா" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் அந்த ஒற்றைச் செருப்பை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒத்தையை எதுக்குடா சுமந்துட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "சரி, மதுரைக்குப் போவோம். அங்க ஒரு டிக்கெட்கூடவா இருக்காது" என்றார். புதுச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "வந்து வாங்கிக்கலாம்" என்றார்.

அண்ணன் டீமோடு முதல் நாளே போய்விட்டது. நாங்கள் துவரங்குறிச்சி வழியாக பஸ்ஸில் போனோம். அப்பா வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கல்யாணத்துக்குப் போகிறமாதிரி இருந்தார், கால் மட்டும் வெறுமை.

மைதானத்துக்கு வெளியே எங்கள் ஊர்க்காரர்களே ஏராளமாக நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. மார்க்கெட்டில் இலை வாங்க வருகிறவர்களை ஒரு வார்த்தையில் மடக்குகிற அப்பா, வாசலில் நின்ற ஆளிடம் போய், "கொஞ்சம் பாருங்க தம்பி" என்றார்.

"எல்லாரையும்தான் பாக்குறேன் பெரியவரே. உள்ள எள்ளு போட இடமில்ல."

"திருச்சியிலேருந்து வரோம்."

"அப்ப உங்களை விடவே கூடாது" என்று அந்த ஆள் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோல்கீப்பர் என் மகன் என்று அப்பா சொல்லியிருந்தால் விட்டிருப்பானோ என்னவோ. அப்பா சொல்லவில்லை. அப்பா சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

மைதானத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். ஓட்டை இருக்கிற இடங்களில் எல்லாம் ஏற்கெனவே தலைகள். நாங்கள் ஒரு கோல் பக்கமாகத் தட்டி ஓரம் போய் நின்றோம். வெயில் கொதித்தது. எனக்கு வெறுங்கால் பழக்கம். அப்பாவால் முடியவில்லை, காலை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு தோள் துண்டை எடுத்து மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

உள்ளே விசில் ஊதியது. ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்:

"உள்ள இருக்கிறவன் பூரா மதுரைக்காரன். சத்தம் ஏறினா பந்து நம்ம பக்கம் வருதுன்னு அர்த்தம்."

சத்தம் ஏறியது. ஏறி ஏறி வந்து, உச்சியில், "அய்யோ!" என்று அத்தனை பேரும் ஒன்றாகக் கத்த, சத்தம் உடைந்தது.

"புடிச்சிட்டான்" என்றார் அப்பா.

மறுபடியும் ஏறியது, மறுபடியும் "அய்யோ." அப்பாவின் கை இரண்டும் தன்னை அறியாமல் முன்னால் வந்தது. வண்டிக்குக் கீழே நின்று அண்ணன் பிடிக்கும்போது வைத்துக்கொள்கிறமாதிரியே. "இது கீழ பாஞ்சு புடிச்சது" என்பார். "இது கையால தட்டி விட்டது." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தட்டியைப் பார்த்தபடி இருந்தது அவர் முகம். அதில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு சத்தம் ஏறியது. அது உடையவில்லை. ஏறிக்கொண்டே போய், தகரம் தட்டுவதும் விசிலடிப்பதுமாக வெடித்தது. தட்டியே ஆடியது.

அப்பா துண்டை விட்டு இறங்கினார். எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, போவோம்."

"அண்ணன் வர்ற வரைக்கும்..."

"தோத்தவன் முன்னாடி போயி நிக்கக் கூடாது."

மறுநாள் அண்ணன் வந்தது. தோளில் கட்டு. சோறு போட்டுக்கொண்டே அம்மா விசாரித்தாள். அண்ணன் ஒவ்வொரு பந்தாகச் சொன்னது. ஒன்று கீழே பாய்ந்தது, ஒன்று தட்டி விட்டது. அப்பா ஏதோ புதுசாகக் கேட்கிறமாதிரி, "அப்படியா" என்றார். கடைசியில் அண்ணன் கேட்டது.

"ஒரு நாளாச்சும் நீங்க வந்து பாத்திருக்கலாம்ப்பா."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இலை வண்டி வந்துடுமேடா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார். காலில் கொப்புளம். அண்ணன் அதைப் பார்க்கவில்லை.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் இப்போது திருவெறும்பூர் பக்கம் இருக்கிறது. வருஷா வருஷம் அப்பா திதிக்கு வரும். இந்த வருஷமும் வந்தது. என் பேரன் பந்தை வைத்து விளையாடுவதைப் பார்த்து, "எங்கப்பா என் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பாக்காமலே போயிட்டார்டா" என்று அவனிடம் சொன்னது. நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன். நாலு பேர் இருந்தார்கள். மூச்சு விடாதே என்று சொன்னவரின் படத்தில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பஸ் ஏறிப் போய்விட்டது.

பார்க்கவில்லை என்பது உண்மைதான். கேட்டார். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாததால், தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி மாதம் 9ஆம் தேதி.