பர்மா கேம்பும் தீமிதிக் காப்பும்

திருத்தணி கேம்பில் என் முதல் நாள் கால் கழுவுவதிலேயே போயிற்று. மருந்துப் பெட்டியைப் பிரித்து அடுக்கக்கூட நேரமில்லை. ஒரு அண்டா நிறைய பர்மாங்கனேட் தண்ணீர், பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் நான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து தப்பி வந்த ஜனங்கள் வரிசையாக வந்து காலை நீட்டினார்கள். அந்தக் கால்கள் எப்படி இருந்தன என்று விவரமாக எழுத இப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மருந்தாளுநர் என்று அழகாகச் சொல்கிறார்கள். அப்போது நாங்கள் கம்பவுண்டர்தான். மிக்ஸ்சர் கலக்கி, பாட்டிலில் டோஸுக்கு டோஸ் காகிதம் ஒட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நம்பிச் சேர்ந்த மடையன் நான். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள், "சார், உங்க அனுபவத்தை எழுதுங்க" என்கிறார்கள். சொறிக்கு ஆயின்மெண்ட் அரைத்ததை எழுதினால் யாரப்பா படிப்பீர்கள்? அதனால் கேம்ப் மூடின கதையை எழுதுகிறேன்.

எவாக்குவி அட்டை

கேம்ப் என்பது மலையடிவாரத்தில் இருந்த ஒரு பழைய சத்திரம். யுத்த காலத்தில் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. அன்றைக்குத் திருத்தணி சித்தூர் ஜில்லா. ஆபீசர், டாக்டர் எல்லாரும் அங்கிருந்துதான் எப்போதாவது வருவார்கள். மற்ற நாளெல்லாம் வைத்தியத்துக்கு நான்தான். சத்திரத்தின் பின்கட்டில், மருந்து ஸ்டாக் வைத்த அறையிலேயே படுக்கை. ஊரில் எனக்கு யாரும் வீடு விடவில்லை. கேம்ப் ஆள் வந்தால் கேம்ப் நோயும் கூட வரும் என்று பயம். கடையில் வெற்றிலை வாங்கினால்கூட சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைப்பார்கள். எனக்கும் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தாய் தகப்பன் முகம் ஞாபகமில்லை. இப்படிப்பட்ட ஆளாகத் தேடித்தான் கேம்புக்கு அனுப்பினார்களோ என்னவோ.

உள்ளே இருந்த ஒவ்வொருவருக்கும் எவாக்குவி, அதாவது யுத்தத்தில் தப்பி வந்தவர் என்று ஒரு அட்டை உண்டு. அட்டை இருந்தால் அரிசி, மருந்து, படுக்க இடம். அட்டை இல்லாதவன் தெருவில் நிற்கிறவன், அவ்வளவுதான். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். எந்த வீட்டுக் கார்டிலும் பெயரில்லாத ஆள் காசை நீட்டினாலும் கடையில் அரிசி கிடைக்காது.

அங்கே அமிர்தம் என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி, பிறந்தது ரங்கூனில். முகத்தைப் பார்த்தால் அம்மா, வாயைத் திறந்தால் அப்பா. வலது குதிகாலில் அவளுக்கு ஒரு புண். ஆறும், கோடை வந்தால் மறுபடி வெடிக்கும். கட்டுப் போடும்போது அழமாட்டாள், பேசவும் மாட்டாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்.

"அண்ணா, ஆத்தங்கரையில படகுக்குக் கூட்டம் நெருக்கிச்சு. அதுக்கு முன்னாடியே எம் புருஷன் சொல்லியிருந்தாரு. கூட்டத்துல கை விட்டுப்போச்சுன்னா என்னைத் தேடாத. தேடினா ரெண்டு பேருமே தொலைஞ்சுபோவோம். நீ தணிகைமலைக்குப் போய் இரு, நான் வந்துடுவேன்னு."

வேலாயுதம் என்பது அவன் பெயர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சின்ன வயதில் தகப்பன் தோளில் உட்கார்ந்து இந்த மலைக்கு வந்திருக்கிறான். இந்தியாவில் அவனுக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான். கை விட்டுத்தான் போயிற்று. இவள் கேம்ப் கேம்பாகத் தணிகைமலை, தணிகைமலை என்று கேட்டே வந்து சேர்ந்துவிட்டாள். கிருத்திகைக்குக் கிருத்திகை படிக்கட்டின் அடியில் போய் நிற்பாள். எல்லாரும் மலையைப் பார்த்து "அரோகரா" என்று கும்பிடுவார்கள். இவள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற ஆண்பிள்ளைகளின் முகத்தையே பார்ப்பாள்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. காத்திருக்க அவளுக்கு ஒரு ஆளாவது இருந்தான்.

நாயுடு செய்த தப்பு

யுத்தம் முடிந்தது. பர்மா திறந்துவிட்டது, இனி எவாக்குவி என்று யாரும் கிடையாது என்று உத்தரவு வந்தது. திரும்பிப் போகிறவர்களுக்குக் கப்பல். சொந்த ஊர் உள்ளவர்களுக்கு ரயில் டிக்கெட். இரண்டும் இல்லாதவர்களுக்கு மதராசில் அநாதை விடுதி. மனுஷன் அப்படியே இருக்கிறான், புண் அப்படியே இருக்கிறது, அட்டைக்கு மட்டும் ஆயுசு முடிந்துவிட்டது.

அமிர்தத்துக்கு மதராஸ் என்று முடிவாயிற்று. அவள் கெஞ்சவில்லை. "நான் போயிட்டா அவரு வந்து யாரைக் கேப்பாரு, அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். டாக்டர் வந்தபோது அந்தக் குதிகாலைக் காட்டி, பிரயாணத்துக்கு லாயக்கில்லை என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி வைத்தேன். என்னால் ஆனது அதுதான்.

சத்திரத்துத் தர்மகர்த்தா குப்புசாமி நாயுடு. ஆடிக் கிருத்திகைக்குள் சத்திரம் கைக்கு வரவேண்டுமென்று சித்தூருக்கு நடையாய் நடந்து உத்தரவைச் சீக்கிரப்படுத்தியவர் அவர்தான். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியை நடத்துகிறவரும் அவரே. அவசரத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டார். கேம்பைக் காலி செய்ய ஆபீசர் குறித்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், தம் கையாலேயே அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்.

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்புக் கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருந்தவர்கள், தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. தங்கினால் ஊருக்கு ஆகாது. விருந்துக்கு வந்தவர்கள்கூடக் காப்புக் கட்டுமுன்பே எல்லை தாண்டிவிடுவார்கள்.

காலையில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக வண்டிகள் வந்து நின்றன. ஸ்பெஷல் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அம்மன் கோயில் பூசாரியின் பெண்டாட்டி முனியம்மா வந்தாள். நெசவுக்காரக் குடும்பம். அமிர்தம் பகலில் அவர்கள் வீட்டில் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். முனியம்மா நேரே நாயுடுவிடம் போனாள்.

"இன்னா நைனா இது? நேத்து காப்பு கட்டிட்டு இன்னைக்கு வண்டி கட்டிக்கினு கீற?"

"அவங்க ஊரு ஜனம் இல்லம்மா. கேம்ப் ஜனம்."

"ராத்திரி எங்க படுத்துக்கினு இருந்தாங்க? எல்லைக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா? நாளைக்கு ஊர்ல வாந்தி பேதி வந்தா, அம்மனுக்கு நீயா பதில் சொல்லுவ?"

சுற்றி ஜனம் சேர்ந்துவிட்டது. நாயுடு ஆப்பசைத்த குரங்கு மாதிரி விழித்தார். ஆபீசரிடம் போய், "சார், வழக்கம்னு ஒண்ணு கீதுங்க. காப்பு அவுக்கிறவரைக்கும் இருக்கட்டுங்க" என்று இழுத்தார்.

"நீங்கதானே மிஸ்டர் நாயுடு அவசரம் அவசரம்னு பெட்டிஷன் போட்டீங்க?"

"ஆங், போட்டது நான்தானுங்க" என்று தலையைச் சொறிந்தார்.

ஆபீசருக்கு ஆத்திரம். காப்பு அவிழ்த்த மறுநாள் வருவதாகவும், அன்றைக்கு ஒரு ஆள் இருக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, "கம்பவுண்டர், நீ என்கூட சித்தூருக்கு வா, வேற டியூட்டி இருக்கு" என்றார். நான் பெட்டியை எடுத்தேன்.

"நீ எங்க கெளம்பற கம்பவுண்டரே?" என்றாள் முனியம்மா. "நீயும்தான் நேத்து ஊருக்குள்ள இருந்த. ஒக்காரு."

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்துப் போகாதே என்று ஒருவரும் சொன்னதில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காலும் சர்டிபிகேட்டும்

கிடைத்த நாட்களில் கேம்ப் ஜனங்கள் ஆளுக்கொரு வழி தேடிக்கொண்டார்கள். சிலர் பள்ளிப்பட்டுப் பக்கம் வேலைக்குப் பேசிவைத்தார்கள், சிலர் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். அமிர்தம் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தீ மிதிக்கப் போகிறாளாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அறிவிருக்கா உனக்கு? நடக்க முடியாத காலுன்னு சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கேன். நெருப்புல நடந்தா அந்தக் காகிதம் கிழிஞ்சுது. கால் வெந்தா அதுவும் போச்சு. ரெண்டையும் இழந்துட்டு என்ன செய்வே?"

"காகிதம் எத்தனை நாளைக்கு அண்ணா? கால் ஆறினா அனுப்பிடுவாங்க. அதுக்காக ஆறாமலே இருக்கச் சொல்றீங்களா?"

நான் மருந்து போடுகிறவன். புண் ஆறக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

ஊரிலும் பேச்சு கிளம்பியது. புருஷன் இருக்கிறானோ இல்லையோ, தாலிக்கயிறு கட்டிக்கொண்டு எப்படி மிதிக்கலாம் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். முனியம்மா விடவில்லை. "செத்துட்டான்னு கண்ணால பாத்தவங்க வந்து சொல்லுங்க. அப்பாலிக்கா பேசலாம்" என்றாள். ஒருவரும் வரவில்லை.

தீமிதி அன்று பொழுது சாயும் நேரம். அமிர்தம் ஈர மஞ்சள் புடவையோடு வந்தாள்; தலையில் கரகம் இல்லை, கையில் வேப்பிலை மட்டும். நான் தீப்புண்ணுக்குப் போடும் பர்னால் டப்பாவும் லிண்ட் துணியும் வைத்துக்கொண்டு, நெருப்பைத் தாண்டியதும் இறங்குகிற பால் குழிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் ஓடவில்லை, நடந்தாள். காட்டில் அப்படித்தான் நடந்து வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பால் குழியில் இறங்கியதும் வழக்கப்படி நாயுடு மஞ்சள் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார். பெண்டுகள் ஓடிவந்து அந்தக் காலில் விழுந்தார்கள். முனியம்மா தன் கையால் அவள் தாலிக்கயிற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

நான் அவள் காலைத் தூக்கிப் பார்த்தேன். விரலோரம் இரண்டு கொப்புளம். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டுப் போட்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விசாரணை

காப்பு அவிழ்த்த மறுநாள் ஆபீசர் வந்தார். விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"என்ன கம்பவுண்டர், பிரயாணத்துக்கு லாயக்கில்லாத காலு நெருப்புல நடந்துதாமே?"

"சார், நெருப்பு பத்தடி. மதராஸ் தூரம்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தவனுக்கு என்ன பயம்?

அவர் கெட்ட மனுஷர் இல்லை. மேலே பதில் சொல்லவேண்டியவர். "சென்டிமென்ட் எல்லாம் சரி. இந்த அம்மா இனிமே எவாக்குவி இல்லை. எவாக்குவி இல்லேன்னா யாரு? இவளுக்கு இந்த ஊர்ல யார் இருக்கா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

பூசாரி பெண்டாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னா கேள்வி கேக்கறீங்க?" என்றாள் முனியம்மா. "முந்தாநேத்து நான் அவ கால்ல வுழுந்தேன். ஊரே வுழுந்துது. கால்ல வுழுந்தவளை இன்னைக்கு எந்த வாயால போன்னு சொல்றது? எங்க வூட்டு ரேஷன் கார்டுல எழுதுங்க."

"என்ன உறவுன்னு எழுதறது?"

"தங்கச்சின்னு எழுதுங்க."

ஆபீசர் அமிர்தத்தின் முகத்தையும் முனியம்மாவின் முகத்தையும் பார்த்தார். பிறகு நாயுடுவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சத்திரத்துக்காக அத்தனை நடை நடந்த மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வண்டி ஏறவேண்டியதுதான். நாயுடு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கால்ல தண்ணி ஊத்தினது நான்தானுங்களே. ஊரு ஜனம்தான், எழுதிக்கோங்க" என்றார். ஆபீசர் பேனாவை எடுத்து எழுதினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்த ஊரில் பூசாரி பெண்டாட்டி கொடுத்தாள்.

ஸ்டேஷன்

கேம்பைப் பூட்டி நாயுடுவிடம் சாவி கொடுத்தாயிற்று. எனக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல். அமிர்தத்துக்கு ஊர் கிடைத்தது, மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு திசை கிடைத்தது. கேம்ப் மூடினதில் போக இடமில்லாதவன் கடைசியில் நான் ஒருவன்தான். மருந்துப் பெட்டியோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னை வழியனுப்ப யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, நொண்டிக்கொண்டே அமிர்தம் வந்தாள். புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு இன்னும் அந்தக் குதிகால் வலித்தது.

"கட்டு மாத்த ஆள் இல்லை, தினம் உப்புத் தண்ணியில கழுவு" என்றேன். வேறு என்ன பேசுவது?

"உங்களுக்கு எந்த ஊரு அண்ணா?" என்றாள்.

"போடற ஊருதான்."

வண்டி வந்து, ஏறி உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எங்கயாவது தனியாப் போயிட்டீங்கன்னா, யாரையும் தேடாதீங்க. நேரா தணிகைமலைக்கு வந்துடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

வண்டி நகர்ந்த பிறகு அரக்கோணம்வரை அழுதுகொண்டே போனேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆள் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வேலாயுதம் வந்தானா என்று கேட்பீர்கள். நான் போய்ப் பார்த்தவரை வரவில்லை. கிருத்திகைக்கு அவள் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டுதான் இருந்தாள். இப்போது பக்கத்தில் முனியம்மாவும் நின்று, வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிகளே, உங்கள் காலத்திலும் கேம்புகள் வரும், மூடும். அட்டை முடிந்துவிட்டது, இனி நம் பொறுப்பில்லை என்று மேலிருந்து சொல்வார்கள். அன்றைக்கு மருந்துப் பெட்டியைக் கட்டுமுன், அந்த மனுஷனை எங்கள் ஆள் என்று சொல்ல ஊரில் ஒரு வாயாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு அப்படிச் சொல்ல இருந்தவள், அட்டை முடிந்துபோன ஒருத்திதான்.