ஓடுற மிஷினுக்குப் பொட்டு

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. பைக், மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் வரிசையில் நிற்கும். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் லேத் ஓட்டுகிறவர். கம்பெனி பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு வந்து வீட்டுப் பூஜையைத் தொடங்கிவிடுவார். மற்ற நாளில் குளித்த துண்டைக்கூடக் கொடியில் போடாத மனிதர், அன்றைக்கு மட்டும் மிக்சியின் அடியைப் பழைய பிரஷ்ஷால் தேய்ப்பார்.

நானும் அங்கேயே இன்னொரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். கான்ட்ராக்ட் வேலை. டிப்ளமா படித்துவிட்டு வருஷக்கணக்கில் போல்ட் அளந்துகொண்டிருந்தவளுக்குக் கிண்டியில் ஒரு நிரந்தர வேலைக்கான ஆன்லைன் பரீட்சை வந்தது. அவர்களுக்கு நம் பண்டிகையெல்லாம் கணக்கில்லை. பூஜைக்கு மறுநாள் காலையிலேயே வைத்திருந்தார்கள். என் லேப்டாப்பில் அவர்களுடைய ஆப்பை ஏற்றி, முகத்தையும் பதிவு செய்தாகிவிட்டது. இனி வேறு எதிலும் எழுத முடியாது.

பரீட்சை நடுவில் அப்டேட் வந்து கழுத்தறுக்கக் கூடாதே என்று பூஜை அன்றைக்கே நானே அதைத் தட்டிவிட்டேன். திரை கறுத்தது. நடுவில் ஒரு கோடு மெதுவாக நிரம்பியது. அணைக்காதே என்று ஆங்கிலத்தில் வந்தது. லேப்டாப்புக்குள் ஃபேன் இரைந்துகொண்டிருக்க, நான் சுண்டல் தாளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மூடியில் சந்தனம், நடுவே குங்குமம். ஃபேன் சத்தம் இல்லை.

"இன்னா பண்ணீங்க?"

"ஓடிக்கினு இருந்துச்சு. பட்டன அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணேன். ஓடுற மிஷினுக்குப் பொட்டு வெக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

லேத்துக்கு அது சரிதான். சுற்றுகிற மிஷினில் கை வைத்தால் விரல் போய்விடும். இங்கே நிறுத்தியதில் என் பிழைப்பு போயிற்று. பட்டனை அழுத்தினால் விளக்கு மட்டும் எரிந்தது. கடைகளெல்லாம் வாழைக்கன்று கட்டி ஷட்டரை இறக்கியிருந்தன.

விடிந்ததும் பஸ் பிடித்துத் திருவள்ளூரில் தெரிந்தவர் சொன்ன கடைக்குப் போனேன். ரிப்பேர்காரர் தன் கடைக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பயாஸ் அப்டேட் பாதில நின்னுக்கீது மா. அது இல்லாம மிஷின் கண்ணே தொறக்காது."

பென் டிரைவைச் செருகி, இரண்டு கீயைச் சேர்த்து அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே இருந்த சிப்பில் கிளிப்பை மாட்டி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து அதைப் புதிதாக எழுதினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பரீட்சை அந்தக் கடிகாரத்திலேயே தொடங்கி முடிந்தது. அதற்கப்புறம்தான் திரை வந்தது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. "லக்கு மா உங்களுக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

மெயில் போட்டுக் கெஞ்சினேன். மறுவாய்ப்பு இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தெரியாமல் செய்த மனிதரைத் திட்டவும் மனசு வரவில்லை. ஒரு ‘அடடா’ சொன்னால் போதும் என்றிருந்தது. அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஃபேனுக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்தார்.

"போனா போவுது வுடு. டெய்லி கிண்டிக்கு ட்ரெயின்ல தொங்கிக்கினு போனா பாப்பாவ யாரு பாக்கறது? இங்கயே வேல கீது இல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை நாளாக இதை வாய்க்குள் வைத்திருந்தாரோ. நான் படிக்கும்போது டீ போட்டுக் கொடுத்தவரும் இவர்தான்.

"பாஸாயிருந்தா என்னிய அனுப்பியிருப்பீங்களா?"

"அதான் எழுதவே இல்லியே" என்று மீதிப் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.