நோம்பிக்குப் பட்டினி கிடந்த ரங்கூன்காரன்

திருப்பூருக்கு வந்த முதல் வாரம் முழுக்க நான் எல்லோருக்கும் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தேன். தெருக்குழாயடியில் குடத்தை வைத்தால் பக்கத்தில் நிற்கும் அம்மாள் "ஏனுங்க" என்பார். "குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அதனால்தான் வந்தேன்" என்பேன். பனியன் கம்பெனி வாசலில் காவல்காரர் "ஏனுங்க" என்பார். "வழியில் ரயில் கேட் போட்டுவிட்டார்கள், அதனால் தாமதம்" என்பேன். இந்த ஊரில் அது ஒருவரைக் கூப்பிடுகிற சொல், காரணம் கேட்கிற சொல் அல்ல என்பது எனக்குத் தெரியாது. தெருவில் என்னைப் பற்றி, "பாவம், நல்ல மனுசன், எதுக்கெடுத்தாலும் சமாதானம் சொல்றாரு" என்று பேசிக்கொண்டார்களாம்.

ரங்கூனில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், என்னோடு ஒரே கப்பலில் வந்து திசைக்கொருவராய்ப் போன உங்களுக்கும் இதை எழுதுகிறேன். கப்பலில் நமக்கெல்லாம் சொன்னது ஒன்றுதான்: சொந்த நாட்டுக்குப் போகிறீர்கள். நான் பிறந்தது ரங்கூனில். அம்மாவைப் புதைத்தது அங்கே. தம்பி பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். நான் தமிழ் பேசிய வீட்டில் வளர்ந்து, பர்மிய மொழியில் சண்டை போட்டு, இரண்டிலும் பாட்டுப் பாடித் திரிந்தவன். சென்னையில் இறங்கி, முகாமில் சில மாதம் கிடந்து, தூரத்து உறவினர் ஒருவர் பிடித்துக் கொடுத்த பேக்கிங் வேலைக்காகத் திருப்பூர் வந்தபோது எனக்கு முப்பது வயது. வந்த நாள் முதல் நான் பாடவில்லை. யாரும் தடுக்கவில்லை, வாயைத் திறந்தால் எந்த மொழியில் வரும் என்று எனக்கே தெரியாததுதான் காரணம்.

என்னை வாய் திறக்க வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காசிம், கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், திருப்பூரிலேயே பிறந்தவர். துணியை அடுக்கி வெட்டும்போது மேஜை ஓரத்தில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். மற்றவர் சென்னியப்பன், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், கணியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இருவருக்கும் ஏறக்குறைய என் வயது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள்ளேயே படுத்துக் கிடப்பதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினார்கள்.

"ஏனுங் சுப்பையா, ஊருக்கு வந்து நாலு மாசமாச்சு. ஊரைத் தின்னு பாத்தீங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ஊரைக் கேட்டும் பாக்கோணுமுங்க" என்றார் காசிம்.

அதுவே எங்கள் ஏற்பாடு ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் வாய்க்கு ஓரிடம், காதுக்கு ஓரிடம். முதல் ஞாயிறு ரயிலடிப் பக்கத்தில் ஒரு கிளப்புக் கடை. இலையில் வெள்ளை நூல்கண்டு மாதிரி ஒன்றை வைத்து, தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றினார்கள். சந்தகையாம். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நண்பர்களே, அது நம் மொஹிங்காவில் போடுகிற அதே அரிசி நூடுல்! காலையில் படகுத்துறைக்குப் போகும் வழியில், கிண்ணத்தில் மீன் குழம்பும் வாழைத்தண்டுமாக நாம் ஊதி ஊதிக் குடித்தோமே, அதேதான். பரவசத்தில் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இதற்கு மேல் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றுங்கள்" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். "சாமி, இது சைவக் கிளப்புங்க" என்றார், என் உடல்நிலையை விசாரிக்கிற மாதிரி. காசிம் சிரித்த சிரிப்பில் தேங்காய்ப் பால் அவருக்குப் புரையேறியது.

அடுத்தடுத்த வாரங்களில் திருப்பூர் எனக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பள்ளிவாசல் தெருவில் காசிமின் மாமா வீட்டில் பிரியாணி. சாப்பிட்ட பிறகு அவர்கள் தப்ஸ் என்கிற கைப்பறையைத் தட்டிக்கொண்டு பாடிய பாட்டில் பாதி தமிழ், பாதி அரபு. இரண்டு மொழி ஒரே பாட்டில் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்று அன்றுதான் நினைத்துக்கொண்டேன். முருகன் கோயில் பக்கத்தில் நெசவுக்காரர்களின் பஜனைக் கூடம். ஆர்மோனியமும் ஜால்ராவும், முடிந்ததும் கைநிறையச் சுண்டல். சென்னியப்பன் உள்ளே உட்கார்ந்து காவடிப் பாட்டுக்குக் குரல் கொடுப்பார். காசிம் வாசல் தூணில் சாய்ந்து தொடையில் தாளம் போடுவார். "மாஸ்டர், தாளத்துக்குப் பாதி, சுண்டலுக்குப் பாதி வாராருங்க" என்று பெரியவர்கள் கேலி செய்தாலும் முதல் பொட்டலம் அவருக்குத்தான். ரங்கூனில் பகோடாத் திருவிழாக்களில் மணியும் மூங்கில் தட்டையும் மாறி மாறி ஒலிக்க, நாம் பிளாட்பாரத்தில் நின்று தின்றுகொண்டே கேட்டது நினைவுக்கு வரும். நான் கேட்பேன், தின்பேன். பாட மட்டும் மாட்டேன்.

மார்கழி முடிவில் சென்னையிலிருந்து மாரிமுத்து கடிதம் போட்டான். கப்பலில் என் பக்கத்துப் பாயில் படுத்து வந்தவன். "இங்கே நம் ஆட்களுக்கென்று ஒரு தெருவே இருக்கிறது. காலையில் மொஹிங்கா, மாலையில் பர்மியப் பாட்டு. அங்கே தனியாக என்ன செய்கிறாய்? பொங்கல் முடிந்ததும் புறப்பட்டு வா" என்று எழுதியிருந்தான். மூன்று தரம் படித்தேன். போவதென்று முடிவு செய்தேன். நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பன், "பொங்கலுக்கு மறுநாளைக்கு மறுநாள் எங்கூர்ல பூநோம்பிங்க. நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரோணும்" என்று சொல்லிவிட்டு முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டார்.

நோம்பி என்றால் நோன்பு. நோன்பு என்றால் பட்டினி. எனக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பிரியப் போகிற நண்பனின் விரதத்தையாவது ஒழுங்காகக் காப்போம் என்று, அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பஸ் ஏறினேன். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறும்போது காசிம் டீயும் பன்னும் வாங்கி நீட்டினார். வேண்டாமென்றேன். அவர் இரண்டு பன்னையும் தின்றார். அவருக்கு இந்த நோன்பு கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னியப்பன் வீட்டில் அவருடைய அக்கா தெய்வானை எங்களை வரவேற்றார். நாற்பது வயது, குரலிலேயே வீட்டை நடத்துகிற அம்மாள். "வாங்க கண்ணு, ஊட்டுக்குள்ள வாங்க" என்று மோர் கொடுத்தார். மறுத்தேன். வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தைத் தட்டில் வைத்தார். அதன் வாசனையில் என் வயிறு குரல் கொடுத்தது, ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். அடுப்பங்கரையிலிருந்து கறி வேகும் வாசனை வந்தது. இலை போட்டார்கள். நான் உட்காரவில்லை.

தெய்வானையின் முகம் சட்டென்று வாடியது. கையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏனுங் தம்பி, எங்கூட்டுல கை நனைக்க மாட்டீங்களா?"

சென்னியப்பன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. அடிபட்ட மாதிரி இருந்தது. நான் பதறிப்போனேன். "இல்லையம்மா! இன்றைக்கு நோன்பு என்று சொன்னாரே, அதனால்தான் காலையிலிருந்து நானும் விரதம் இருக்கிறேன்" என்றேன்.

காசிம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அவரை நிற்கவிடவில்லை. "அட ரங்கூன்காரரே! இங்க நோம்பின்னா திருவிழாவுங்க! பட்டினி கெடக்கறது இல்லீங்க, பத்து ஊட்டுல திங்கறது!" தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பாலா, நான் பட்டினி கிடந்ததாலா என்று தெரியவில்லை. "எங்க நோம்பிக்கு இதுவரைக்கும் ஆருமே இப்படிப் பயபக்தியா வந்ததில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே என் இலையில் கறியை அள்ளி வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை தரம் சோறு வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

மதியம் சாய்ந்ததும் ஊரே ஆற்றுக்குக் கிளம்பியது. பெண்கள் கூடையில் முறுக்கும் கச்சாயமும் கரும்பும் சுமந்து, வழியெல்லாம் ஆவாரம்பூப் பறித்துக்கொண்டு நடந்தார்கள். அமராவதியில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணலில் கூடைகளை நடுவில் வைத்து, வட்டமாகச் சுற்றிக் கும்மி தட்டத் தொடங்கினார்கள். ஐம்பது அறுபது கைகள் ஒன்றாகத் தட்டும் சத்தம் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. காசிம் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துத் தாளம் சேர்த்தார். ஒரு பாட்டு முடிந்து மூச்சு வாங்கும்போது தெய்வானை என்னைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, வெரதம் இருந்தவருக்கு வரம் கெடைக்கோணுமில்ல? ஒரு பாட்டுப் பாடுங்க!"

மறுக்கத்தான் எழுந்தேன். ஆனால் வயிறு நிறைந்திருந்தது, முன்னால் ஆறு ஓடியது, கைகள் தட்டக் காத்திருந்தன. எங்கிருந்தோ ரங்கூன் படகுத்துறையில் துடுப்புக்காரர்களிடம் கற்ற ஒரு பாட்டு வந்துவிட்டது. "ஷ்வே லே, ஷ்வே லே" என்று தொடங்கும். தங்கப் படகே, தங்கப் படகே என்று பொருள். முதல் அடியில் குரல் உடைந்தது. இரண்டாவது அடியில் காசிமின் டின் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் பெண்கள் கும்மியடித்துக்கொண்டே திருப்பிப் பாடினார்கள். அவர்கள் காதில் விழுந்தது "செவலே, செவலே". அவர்களுக்குச் செவலை தெரியும். உழவில் முன்னால் போகும் சிவந்த காளை. மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள்தான் கொம்புக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். அடுத்த அடியைத் தெய்வானையே கட்டிவிட்டார்: "செவலே செவலே, தண்ணி குடிக்க வா செவலே." நான் படகைக் கூப்பிட்டேன், அவர்கள் காளையைக் கூப்பிட்டார்கள், மெட்டு மட்டும் ஒன்றாகச் சுற்றியது. பொருளைச் சொல்லித் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் மாரிமுத்துவின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காசிம் முன்சீட்டுக் கம்பியில் விரல்களால் தாளம் போட்டார்.

"மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கு உங்க பாட்டு முன்னாலயே தெரியுமுங்க" என்றார். "இங்கதான் இன்னும் எத்தனையோ பேரு கேக்கல."

மறுநாள் மாரிமுத்துவுக்கு ஒரு கார்டு எழுதினேன்: "இப்போதைக்கு வரவில்லை. மொஹிங்காவுக்கு இங்கே சந்தகை கிடைக்கிறது. மீனுக்குத்தான் வேறு கடை தேட வேண்டும்." அந்தக் கடையை அதற்கு மூன்றாம் ஞாயிறு காசிம் வீட்டுச் சமையலறையில் கண்டுபிடித்தோம். சென்னியப்பன் இரண்டு கிண்ணம் குடித்தார்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டுப் பொங்கல் ஆகிவிட்டது. ஒவ்வொரு பூநோம்பிக்கும் போகிறேன், பாடுகிறேன். போன தைமாதம் ஆற்று மணலில் நின்று பாட்டைத் தொடங்கியபோது, மூன்றாவது அடி பர்மிய மொழியில் எனக்கு வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. பெண்கள் காத்திருக்கவில்லை, செவலைக்குத் தண்ணீர் காட்டும் அடியைப் பாடினார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து பாடினேன். தம்பிக்கு எழுதிக் கேட்டால் அந்த அடி கிடைக்கும். இன்னும் எழுதவில்லை. கண்ணை மூடினால் ரங்கூன் ஆறும் படகுத்துறையும் அப்படியே தெரிகின்றன. ஆனால் துறையில் படகு இல்லை. வண்ணம் பூசிய கொம்போடு ஒரு செவலைக் காளை முன்னங்கால்களை நனைத்துக்கொண்டு, குனிந்து, அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.