இரண்டாவதாக இறங்கிய வண்டி

போன ஐப்பசியில் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் நடந்தது இது. அங்கே என் அண்ணனுக்குக் கேரட் தோட்டம் இருக்கிறது. பழைய ஜீப் ஓய்ந்துவிட்டதால், நான்கு சக்கரமும் இழுக்கும் நடுத்தர எஸ்யூவி ஒன்று வாங்க நினைத்தார். இரண்டு கம்பெனி வண்டிகளில் எது என்பதில்தான் குழப்பம். நான் கோயம்புத்தூரில் வாகன உதிரி பாகங்களைச் சோதிக்கும் இன்ஜினீயர். யூடியூப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், உங்கள் தோட்டத்துப் பாதையிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான்.

கறுப்பு வண்டி, அண்ணனிடம் கேரட் எடுக்கும் கொடைக்கானல் வியாபாரியுடையது. அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை வண்டியை என் தோழியிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். ஒரே சரிவு, ஒரே கியர், டயரில் ஒரே அளவு காற்று, ஒரே தடம். இப்படி இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்பது என் கணக்கு. இறக்கத்தில் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி எந்த வண்டியில் நன்றாக வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்பதாகத் திட்டம்.

இரவெல்லாம் பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதைக்கு இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் ஓடை வரைக்கும் பள்ளம். கீழே ஒரு வளைவு. இரண்டு வண்டியையும் ஒரே கோணத்தில் படம் பிடிக்க அண்ணன் அந்த வளைவில் போனோடு நின்றார்.

பாய் முதலில் இறங்கினார். கறுப்பு வண்டி அலுங்காமல் இறங்கி, வளைவைத் தாண்டி நின்றது.

"இனி சோதிக்க என்ன கெடக்கு தங்கச்சி? இதையே வாங்கச் சொல்லுங்க" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் பாய்.

"அவரு வண்டியை என் தலையில கட்டப் பாக்குறாரு. நீ வெரசா வாம்மா. அவரு போன தடத்துலயே வா" என்றார் அண்ணன்.

வெள்ளை வண்டியில் நான் இறங்கினேன். பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஸ்டியரிங் கையில் திடீரென்று லேசானது. முன் சக்கரங்கள் மண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடியில் பிரேக் கடகடவென்று தானாக அடித்துக்கொண்டது, வேகம் குறையவில்லை. நானும் பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை.

நேர் எதிரே அண்ணன், போன் திரையைப் பார்த்தபடி. திரையில் நான் இன்னும் தூரத்தில் தெரிந்திருப்பேன். ஹார்ன் அடித்தேன். மலையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்பது எல்லோருக்கும் பழக்கம். 'வருகிறேன்' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கையை எடுக்காமல் அழுத்தினேன். அவர் சிரித்தார்.

வலப்பக்கம் போனால் ஓடை. நேரே போனால் அண்ணன். இடப்பக்க மேட்டில் மோதுவதுதான் வழி. ஆனால் சக்கரம் நின்றுபோனால் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி திரும்பாது. அது திரும்ப, முதலில் சக்கரம் உருள வேண்டும். அதற்கு பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் சொந்த அண்ணனை நோக்கிச் சரியும் வண்டியில் பிரேக்கை விட என் கால் சம்மதிக்கவில்லை. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

"ஏலே மாப்ள, போனை விடு, ஓடு" என்று பாய் கத்தியது கேட்டது. அண்ணன் நிமிர்ந்தார். ஓடவில்லை, அப்படியே உறைந்து நின்றார்.

காலை எடுத்தேன். வண்டி ஒரு கணம் இன்னும் வேகமாகப் பாய்ந்தது. பிறகு சக்கரம் உருண்டது, வண்டி திரும்பியது. மேட்டில் மோதி, உரசிக்கொண்டே போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அண்ணன் கையை நீட்டினால் பானெட்டைத் தொடலாம்.

"ஹார்ன் அடிச்சியே, வர்றேன்னு சொல்றியோன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க எனக்கு வெகுநேரமானது.

எங்களிடம் ஓடி வந்த பாய் அந்தத் தடத்தில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்தார். அப்போதுதான் பாதையைப் பார்த்தேன். கறுப்பு வண்டியின் சக்கரங்கள் மேலே கிடந்த சருகையும் சரளையையும் ஒதுக்கிவிட்டு, ஈரக் களிமண்ணைத் தளம் போட்டதுபோல் மெழுகிவிட்டுப் போயிருந்தன. அவர் இறங்கிய பாதை வேறு. நான் இறங்கியது வேறு.

"எந்த வண்டி தேவலைன்னு இப்பச் சொல்லு தங்கச்சி" என்றார் பாய், விழுந்த இடத்திலிருந்தே. யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

அண்ணன் பிறகு கறுப்பு ரகத்தையே வாங்கினார். அதன் சர்வீஸ் கடை கொடைக்கானலிலேயே இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். என் வேலையில் நான் இன்றும் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தோற்றது எது என்று எழுதுவதற்கு முன் அதற்குக் கிடைத்த பாதை எப்படி இருந்தது என்று யோசிக்கிறேன், அதற்கும் முன்னால், நான் நினைத்தபடி நடக்காவிட்டால் அது போய் முட்டும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.