ஆயா குரல்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு வாய் நீளும். தொழிற்சாலை ஷெட்டில் கிரேன் கம்பி அறுந்து என் பக்கத்தில் இரும்பு விழுந்த அன்றுகூட, ஃபோர்மேன் ஓடி வந்து என்னைத் தொட்டுப் பார்ப்பதற்குள் இரண்டு ஜோக் சொல்லி முடித்திருந்தேன். மூன்றாவதைத் தொடங்கும்போது மயங்கி விழுந்தேன் என்பது வேறு விஷயம். ஆகவே, ஆயா வராமல் போன அந்த மழைக்காலக் காலையில் நான் எவ்வளவு வேடிக்கையாகப் பேசியிருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு கீழ்வீடு. அதில் நானும் அம்மாவும். அப்பா போய் வெகுகாலம். நாற்பதைத் தொட்டும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் நான் வாயைத் திறந்ததுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்தவள், கடைசி வரை அந்த ஊர்ப் பேச்சை விடவில்லை. சர்க்கரை முதலில் அவள் கண்ணைக் கொண்டுபோயிற்று. பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. இந்தச் சர்க்கரையோடு கத்தி வைக்க முடியாது, படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர், ஏதோ தொட்டிச் செடியைச் சொல்வதுபோல.

படுத்தே கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண் வந்தது. "ஈரம் தங்கவே கூடாது. உடனுக்குடன் துடைச்சுத் துணி மாத்தணும். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். விட்டீங்கன்னா எலும்பு வரைக்கும் போயிடும்" என்றார் அதே டாக்டர். அதிலிருந்து என் உலகமே அம்மாவின் துணி காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று சுருங்கிவிட்டது.

அதற்குத்தான் ஆயா. ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேப்பம்பட்டிலிருந்து காலை ரயிலில் வருவாள், இருட்டுவதற்குள் போவாள். ராத்திரி நனையக் கூடாது என்று அம்மா சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். ஆயாவின் குரல் தெரு முனையிலேயே கேட்கும்.

"இன்னாம்மா, மூஞ்சி உம்முனு கீது? புள்ள எதுனா சொல்லிச்சா? சொல்லு, ரெண்டு வெச்சுட்றேன்."

அம்மா சிரிப்பாள். ஊரையே சிரிக்க வைக்கிறவன் நான். என்னிடம் சிரிக்காதவள் அவளிடம் சிரிப்பாள். துணி மாற்றும் நேரம் வந்ததும் அம்மா தவறாமல் ஒன்று சொல்வாள்: "ஏட்டி, அவன் இருக்கானான்னு பாரு. வெளிய போவச் சொல்லு."

"நைனா, கெளம்பு கெளம்பு. இது லேடீஸ் மேட்டரு."

நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்று பீடி பற்ற வைப்பேன். ஓர் ஆண்பிள்ளைக்கு இதைவிட நிம்மதியான உத்தரவு கிடையாது.

அப்புறம் மழை. விடாத மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது என்றார்கள். ஆயா வரவில்லை. அம்மா நனைந்த துணியில் கிடந்தாள். நான் வெந்நீர், டெட்டால், பவுடர், கிழித்த வேட்டித் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகிறவன்போல உள்ளே போனேன். சேலையில் கை வைத்ததும் அம்மா கொசுவத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். கண் தெரியாத அந்த முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"தொடாதல."

"சின்னதுல நீ என்னைத் தொடைச்சதில்லையா? இப்ப நான். சரியாப் போச்சுல்ல?"

"ஒன் நையாண்டிய அங்கிட்டு வச்சுக்க. நீ என் வயித்துல பொறந்தவன். நான் செத்தாலும் நீ பாக்கக் கூடாது."

மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டு வந்தேன். நல்ல மனுஷி. அம்மா அவளிடமும் கொசுவத்தை விடவில்லை. "இவ வேண்டாம். நாளைக்குப் பைப்படியில நின்னு பேசுவா" என்று அவள் காதுபடவே சொன்னாள். "நான் எதுக்குங்க பேசப் போறேன்?" என்று கோபித்துக்கொண்டு போனாள் அந்த அம்மா. அன்று சாயங்காலமே பேசினாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் ஆவடி முழுக்க அலைந்தேன். சர்ச்சில் கன்னியாஸ்திரீ ஒருவர், "ஜெபம் பண்றோம்" என்றார். "ஜெபத்தை அப்புறம் பார்த்துக்கலாம் சிஸ்டர், இப்ப ஒரு ஆள் வேணும்" என்றேன். பிரசவ ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணாத்தே, இங்க பொறக்குறவங்களுக்குத்தான் ஆளு கீறாங்க" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் பயந்துபோய் கேட்டைச் சாத்திக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவுக்குக் கண் இல்லை. கையும் சத்தமும்தான் அவளுக்கு ஆள். என் கை லேத்தில் காய்த்துப்போன கை. ஆயாவின் கையும் சலவைச் சோடாவிலும் பினாயிலிலும் காய்த்துப்போன கைதான். மீதி என்ன? வளையல் சத்தம்! பொம்பளை என்றால் வளையல் இல்லாமலா? கடையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். கடைக்காரர், "யாருக்கு சார், என்ன அளவு?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். அவரும் சிரித்தார். என் கை உள்ளே போகவில்லை. நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, மீசையும் வளையலுமாக அம்மாவின் கட்டிலை நெருங்கினேன்.

"யாரது?" என்று அலறினாள் அம்மா. "வளையலு போட்டுக்கிட்டு வாரது யாரு? ஏல! எங்க இருக்க? எவளோ உள்ள வந்துட்டா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயா வளையல் போட மாட்டாள். அவள் போகும் கிறிஸ்தவச் சபையில் நகை கூடாது, பூ கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் என் கண் முன்னால் வெறுங்கையோடு நடமாடியவள். கண் தெரியாத அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அம்மா எழுந்திருக்க முயன்று கட்டில் விளிம்புக்கு வந்துவிட்டாள். விழுந்தால் இன்னொரு எலும்பு. பயத்தில் வழக்கம்போல என் வாய் திறந்தது. நான் யோசித்துச் செய்ததில்லை. திறந்த வாயிலிருந்து ஆயா வந்தாள்.

"இன்னாம்மா கத்துற? நான்தான். டிரெயினு இல்ல, லாரி புட்சி வந்தேன்."

தொழிற்சாலை விழாக்களில் மேனேஜர் குரலில் பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்தக் குரல் எனக்குள் எப்போது குடிவந்தது என்று தெரியாது. அம்மா அப்படியே அடங்கினாள்.

"நீயா? வளையலு எதுக்குட்டி? ஒங்க சபையில கூடாதுன்னியே."

"பேத்தி மாட்டி உட்டுச்சி. இதோ, கழட்டிட்டேன்." நூலை அறுத்து எறிந்தேன். மூலையில் போய் உடைந்தது.

"அவன் இருக்கானா?"

"தொரத்திட்டேம்மா."

அம்மா கொசுவத்தை விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எனக்கு ஜோக் கிடையாது. புண் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. என் தாயின் உடம்பு ஒரு சின்னப் பிள்ளையின் உடம்புபோல வற்றியிருந்தது. துடைத்தேன், மருந்து வைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன். "ஒன் கை இன்னைக்கு நடுங்குதே" என்றாள். "மழைல நனைஞ்சேன்ல, குளுருது" என்றேன்.

மழை விட்டது, ரயில் ஓடியது, ஆயா வரவில்லை. நான் இரட்டை வேஷத்தில் இறங்கினேன். விடியற்காலையில் ஆயாவாகத் துணி மாற்றுவேன். வாசல் வரை போய்ச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மகனாகத் திரும்பி வருவேன். தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதியதும் சைக்கிளில் பறந்து வந்து மறுபடி ஆயா. நடுவில் இன்னொரு வீட்டிலும் வேலை பிடித்திருப்பதாக ஆயா அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். "உங்க ஆயா சத்தம் மேல வரைக்கும் கேக்குது, ஆளைத்தான் காணோம்" என்றாள் மாடி வீட்டம்மா. ஒருநாள் அம்மா, "ரெண்டு பேருமா பிடிச்சு என்னைச் சாய்ச்சு உக்கார வைங்க" என்றாள். வலப்பக்கம் ஒரு குரல், இடப்பக்கம் ஒரு குரல் என்று கட்டிலைச் சுற்றி ஓடி, இரண்டு பேர் வேலையை ஒரு முதுகால் செய்தேன். "அவனுக்கு மூச்சு வாங்குது பாரு. ஒன்ன மாதிரி வேல செஞ்சு பழக்கமில்ல" என்று ஆயாவிடம் என்னைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயா நிஜமாகவே வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். வாசலிலேயே நின்று, அவளுக்குப் பழக்கமே இல்லாத மெல்லிய குரலில் சொன்னாள்: "என் ஊட்டுக்காரருக்குக் கையி காலு இழுத்துகிச்சு நைனா. எங்க ஊட்லயே ஒரு ஆளு படுத்துகினு கீது. இனிமே முடியாது."

வேறு ஆள் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டேன். கிடைத்தால் தனக்கே வேண்டும் என்றாள். நான் செய்துகொண்டிருப்பதைச் சொன்னேன்.

"எங்க, பேசிக் காட்டு."

முற்றத்தில் நின்று அவளுக்கே அவளைப் பேசிக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அட பாவி, நான் இவ்ளோ கத்துவனா?" என்றாள். பிறகு அறைக் கதவு வரை வந்து அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"ஒரு வார்த்தை பேசிட்டுப் போயேன்" என்றேன்.

"பேசினா, இனிமே வர மாட்டேன்னு சொல்லணும். அத்த நான் எப்டி சொல்றது? அதான் நீ கீறியே. உன்கிட்டயே இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தக் குரலுக்கு நிரந்தர ஊழியன் ஆனேன்.

புண் ஆறவில்லை. பெரிதாகவும் விடாமல் பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அம்மா என் கையில் கிடந்தபடி என்னைப் பற்றி என்னிடமே குறைசொல்ல ஆரம்பித்தாள்.

"எம் மவன் கிட்டவே வர மாட்டேங்கான், பாத்தியா. அருவருப்பு."

"அருவருப்பு இல்லம்மா, பயம்" என்றாள் ஆயா.

"பயமா? அவனுக்கா? அவனுக்கு எல்லாம் வெளையாட்டுட்டி."

நான் துணியைப் பிழிந்தேன். நான்தான் அம்மா என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, என் குரலில், மெதுவாக, "அம்மா" என்றேன். அவள் உடம்பு முழுக்கக் கட்டையாகிவிட்டது. கை துழாவிச் சேலையை இழுத்தது. புண்ணில் உரசிச் சிவப்பு கசிந்தது. "அவன் உள்ள வந்துட்டானா? ஏட்டி, அவன் இங்கயா இருக்கான்?"

"இல்லம்மா, வாசல்ல நின்னு கூப்புடுது. நைனா! வெளிய போன்னு சொன்னன்ல?"

"சரி, சரி, போறேன்" என்றேன், தலையை வாசல் பக்கம் திருப்பி.

அம்மா தளர்ந்தாள். என்னை நானே வெளியே அனுப்பிவிட்டு முதுகைத் துடைத்து முடித்தேன். அதற்குப் பிறகு சொல்லிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்பு காய்ச்சல் வந்தது. அந்த அனலில் அம்மா ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கேட்டாள். "நான் போனா நீதான் குளிப்பாட்டணும். கண்டவ கை படப்படாது. என்னைப் பாத்தவ நீ ஒருத்திதான்."

"சரிம்மா. நான் கீறேன்ல" என்றேன்.

"அவன்கிட்டச் சொல்லிரு. அவன் மறந்துருவான்."

மறுநாள் மதியச் சங்குக்கு நான் வீட்டுக்கு வந்தபோது மூச்சு இல்லை. துணி நனைந்திருந்தது. அதை மாற்ற எனக்கு நேரம் கிடைத்தது, அது ஒன்றுதான். பிறகு குவார்ட்டர்ஸ் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றிச் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். நான் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.

"ஆம்பளைங்கள்லாம் வெளிய போங்க. என்னா, நீ நிக்கிற? பொம்பளைங்க காரியம், போப்பா" என்றாள் மாடி வீட்டம்மா.

போனேன். குழாயடியில் நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கண்டவர்கள் எல்லோரும் சேர்ந்து குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலரின் கையில் வளையல் இருந்தது, நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "பாவம், என்னா புண்ணுப்பா அது. ஆனா அந்த ஆயா சும்மா சொல்லக் கூடாது, அவ்ளோ சுத்தமா வச்சிருக்கா. அவளுக்குச் சொல்லி அனுப்பலையா?"

"சொல்லியாச்சு" என்றேன். "வந்தா. நீங்கதான் வெளிய போகச் சொல்லிட்டீங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்த தாயி செத்துக் கெடக்குறா, இப்பக்கூட வெளையாட்டா உனக்கு?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.